வயிற்றுச் சதையா, சிலிக்கானா, ஒன்றுமே வேண்டாமா?

கேள்வி: எனக்கு வயது 47. ஒன்றரை வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை முழுவதும் அகற்றினார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்து, ரேடியேஷனும் முடிந்து பத்து மாதம் ஆகிறது. இப்போது நோய் திரும்பாமல் இருக்க டாமாக்சிஃபென் மாத்திரை போடுகிறேன். சர்க்கரைக்கும் மாத்திரை உண்டு. இரண்டு பிரசவமும் சிசேரியன். உள்ளாடைக்குள் துணியை மடித்து வைத்துக்கொள்கிறேன், குனிந்தால் அது மேலே ஏறிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் சிலிக்கான் வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். வயிற்றுச் சதையை எடுத்தும் செய்யலாம் என்கிறார்கள். எது நல்லது? இதனால் நோய் திரும்ப வருமா? வந்தால் உள்ளே மறைந்துவிடுமா? "உயிர் பிழைத்ததே பெரிது, இந்த வயதில் இது எதற்கு" என்கிறார் கணவர். கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று: இடது கையைக் காதுக்கு மேல் தூக்க வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது" என்று எழுதிவிட்டு, அந்த வரியைப் பேனாவால் அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. என் அறைக்கு வரும் பெண்கள் பலர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் சொல்வதே "அழகுக்காக வரலை டாக்டர்" என்பதுதான். அழகுக்காக வந்தாலும் தவறில்லை என்று சொல்லித்தான் நான் பேச்சைத் தொடங்குவது வழக்கம். குனிந்தால் துணி மேலே ஏறுகிறது என்கிறீர்களே, அது ஒன்றே போதுமான காரணம். நாளெல்லாம் ஒரு கை அனிச்சையாக மார்புக்குப் போய்த் துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தால் மனம் வேறு எதில் நிற்கும்?

முதலில் பயத்தைப் பார்த்துவிடுவோம். மறுசீரமைப்பு, அதாவது எடுத்த மார்பகத்தைத் திரும்ப அமைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்வதால் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதில்லை. இது பல ஆண்டுக்காலம் பல நாடுகளில் பார்த்து உறுதியான விஷயம். மறைந்துவிடுமா என்ற கேள்விக்கும் பதில் கிட்டத்தட்ட அதேதான். மார்பகம் எடுத்த இடத்தில் நோய் திரும்பினால் பெரும்பாலும் தோலிலோ, தோலுக்கு நேர் அடியிலோதான் தலைகாட்டும். நாங்கள் புதிதாக வைப்பது அதற்குக் கீழே. அதனால் கைக்குத் தட்டுப்படும். ஆழத்தில் வருவதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் இருக்கிறது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சொந்தச் சதையால் அமைக்கும் மார்பகத்தில் சில மாதம் கழித்து கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி தட்டுப்படலாம். ரத்தம் சரியாகப் போகாத கொழுப்புத் துணுக்கு இறுகிப்போவது அது. பெரும்பாலும் தீங்கில்லாதது. ஆனால் தடவிப் பார்க்கும்போது உயிரே போய்விடும். ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனை, அத்தோடு தெரிந்துவிடும். "கொழுப்புதான்" என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டு சும்மா மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் பயம் புதிதல்ல. மருத்துவர்களையே வெகுகாலம் ஆட்டிப்படைத்த பயம் அது. 1895லேயே ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை மருத்துவர், நோயுற்ற மார்பகச் சுரப்பியை அகற்றிய இடத்தில் அதே பெண்ணின் உடம்பில் வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து வைத்திருக்கிறார். இத்தாலியில் இஜினியோ டான்சினி, 1906ல் முதுகுத் தசையை முன்பக்கம் திருப்பிக் கொண்டுவந்து மார்பை மூடுவதை விவரித்தார். ஆனால் அந்தக் காலத்தின் பெரிய சொல் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் சொன்னதுதான். மார்பகத்தோடு மார்புத் தசையையும் சேர்த்து எடுக்கும் முறையைப் பரப்பியவர் அவர். எடுத்த இடத்தைத் திரும்பக் கட்டியெழுப்பும் வேலை அவருக்குப் பிடிக்காது, அடியில் நோய் ஒளிந்துகொள்ளும் என்பது அக்கால வாதம். டான்சினியின் முறை மறந்தே போய், 1970களில்தான் மீண்டும் வெளியே வந்தது. அந்த இடைவெளியில் எத்தனை லட்சம் பெண்கள் துணியை மடித்து வைத்தே காலம் தள்ளினார்களோ.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "சிலிக்கானா, வயிற்றுச் சதையா" என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டது அந்த இரண்டையும் அல்ல, "ரேடியேஷன்" என்ற சொல்லை.

ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி முன் நின்று, வலது மார்பகத்துக்கு மேலே உள்ள தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்குங்கள். மடிப்பு எளிதாக வரும், விட்டால் உடனே படுத்துவிடும். பிறகு இடது பக்கம், தழும்புக்குப் பக்கத்தில் அதையே செய்யுங்கள். அங்கே தோல் விலா எலும்போடு ஒட்டினாற்போல இருக்கும். மடிப்பு வராமல் விரல் வழுக்கலாம். நிறம் கொஞ்சம் கறுத்திருக்கலாம். சூரிய ஒளியில் கறுக்கும் தோல் நாளடைவில் தேறிவிடும், இது அப்படித் தேறாது. ரேடியேஷன் நோய்ச் செல்களைக் கொல்லும்போது தோலுக்கு உணவு கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. மெத்தென்று இருந்த திசு நாராகிவிடுகிறது. அந்தத் தோல் நீளாது, காயம் பட்டால் சீக்கிரம் ஆறாது.

சிலிக்கான் முறைக்குத் தேவையானது சரியாக அந்த இரண்டும்தான். தோல் நீள வேண்டும், காயம் ஆற வேண்டும்.

அந்த முறை எப்படி நடக்கிறது என்று சொன்னால் விளங்கும். மார்பகம் எடுத்த பிறகு அங்கே தோல் போதாது. அதனால் முதலில் எக்ஸ்பாண்டர் என்ற காலிப் பையைத் தசைக்கு அடியிலோ தசைக்கு மேலேயோ வைத்துத் தைத்துவிடுவோம். காயம் ஆறியதும், வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ நீங்கள் வந்து படுப்பீர்கள். பையில் ஒரு சின்ன உலோக வாய் இருக்கும். தோலுக்கு மேலே ஒரு காந்தத்தை நகர்த்திக்கொண்டே போனால் அந்த வாய்க்கு நேர் மேலே வந்ததும் காந்தம் சட்டென்று நிற்கும். அங்கே ஊசியைக் குத்தி 50 முதல் 100 மில்லி வரை உப்புநீர் ஏற்றுவோம். பல பெண்களுக்கு ஊசி குத்துவதே தெரியாது, அங்கே உணர்ச்சி இருக்காது. அன்று இரவு மட்டும் மார்பை யாரோ கயிறு கட்டி இறுக்குவது போல இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் தோல் தேவையான அளவு நீண்டதும் இன்னொரு அறுவை சிகிச்சையில் பையை எடுத்துவிட்டு இம்பிளான்ட் என்ற நிரந்தர சிலிக்கான் பையை வைப்போம். ரேடியேஷன் வாங்காத தோலுக்கு இது நல்ல முறை. உடம்பில் வேறெங்கும் தழும்பு இல்லை, அறுவை நேரம் குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம்.

உங்களுக்குத் தெரிந்தவர் நன்றாக இருக்கிறார் என்றால், அவருக்கு ரேடியேஷன் கொடுத்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

ஏனென்றால் எந்த இம்பிளான்ட் வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு மெல்லிய உறை பின்னிக்கொள்ளும். அது இயல்பு. ரேடியேஷன் பட்ட இடத்தில் அந்த உறை தடித்துச் சுருங்கும் வாய்ப்பு அதிகம். சுருங்கினால் உள்ளே இருக்கும் மெத்தென்ற பொருள் பந்து மாதிரி இறுகி, மேலே ஏறி நிற்கும், வலிக்கும். இதை நான்கு படிகளாகப் பிரித்து அளக்கிறோம். மூன்றாவது, நான்காவது படிக்குப் போனால் மறுபடி அறுவை சிகிச்சைதான். காயம் பிரிந்து இம்பிளான்ட்டையே எடுக்க வேண்டி வருவதும் ரேடியேஷன் வாங்கியவர்களிடம் கூடுதல். முடியவே முடியாது என்று சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இம்பிளான்ட் மட்டும் வைப்பதை நான் கடைசி வழியாகத்தான் நினைப்பேன்.

சிலிக்கானே விஷமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் யாராவது கேட்பார்கள். 1992ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சிலிக்கான் ஜெல் இம்பிளான்ட்டுக்குப் பெருமளவு தடை போட்டது. பல வருட ஆய்வுக்குப் பிறகு 2006ல் மீண்டும் அனுமதித்தது. உண்மையான கவலை வேறொன்று. மேற்பரப்பு சொரசொரப்பாக உள்ள சில வகை இம்பிளான்ட்களைச் சுற்றி, அபூர்வமாக ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரியவந்து, 2019ல் ஒரு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதனால் இம்பிளான்ட் வைக்கிறார்கள் என்றால் வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்று கேட்டு, அதோடு வரும் அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுளுக்கும் ஒன்றே போதும் என்றும் எண்ணக் கூடாது. உள்ளே ஓசையில்லாமல் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, வைத்து ஐந்து ஆறு வருடத்தில் ஒரு ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது நடைமுறை.

இப்போது வயிற்றுச் சதை. எனக்கு மனதுக்கு நெருக்கமான அறுவை சிகிச்சை இது என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.

ரேடியேஷனால் காய்ந்த இடத்துக்கு ரேடியேஷன் படாத, சொந்த ரத்த ஓட்டத்தோடு கூடிய சதையைக் கொண்டுபோய் வைப்பதுதான் இதன் அடிப்படை. தொப்புளுக்குக் கீழே, இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை படகு வடிவில் தோலையும் கொழுப்பையும் எடுக்கிறோம். 1982ல் இது அறிமுகமானபோது வயிற்றுத் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். அதன் பெயர் டிராம். தசை போன வயிறு பலவீனமாகி, சிலருக்குக் குடலிறக்கம் வந்தது. 1990களில் வந்த டீப் என்ற முறையில் தசையை விட்டுவிட்டு, அதன் இழைகளுக்கு நடுவே ஊடுருவி வரும் சின்ன ரத்தக் குழாய்களை மட்டும் இழை பிரித்து எடுக்கிறோம். பிறகு அந்தச் சதையை உடம்பிலிருந்து முழுதும் துண்டித்து மார்புக்குக் கொண்டுபோய், விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறோம். குழாயின் அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். தைக்கும் நூல் தலைமுடியை விட மெல்லியது, கீழே விழுந்தால் தேடி எடுக்க முடியாது. குழாயை அடைத்துப் பிடித்திருந்த கிளிப்பைத் திறந்ததும், வெளிறிக் கிடந்த சதை ஓரத்தில் தொடங்கி மெல்லச் சிவக்கும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த நிமிடத்தில் அறையில் யாரும் பேச மாட்டார்கள்.

இதற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் நாள் முழுக்க மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து சதையைத் தொட்டு, சூடு பார்த்து, டாப்ளர் கருவியை வைத்து ரத்தம் ஓடும் 'ஷூஷ் ஷூஷ்' ஓசையைக் கேட்பார். தூக்கம் என்று ஒன்று இருக்காது. குழாய் அடைத்தால் அந்த இரவே திரும்ப அறுவை அறைக்குப் போக வேண்டும், அதற்காகத்தான் இத்தனை காவல். அனுபவமுள்ள குழுவின் கையில் நூற்றில் 95க்கு மேல் பிழைத்துவிடும். மிச்சமுள்ளவர்களுக்குச் சதை முழுதும் வீணாகிப்போகும். அந்தச் சிலரில் ஒருவராக நாம் இருக்கலாம் என்ற நினைப்போடுதான் கையெழுத்துப் போட வேண்டும். வயிற்றிலிருந்து ஒருமுறைதான் எடுக்க முடியும், இரண்டாம் வாய்ப்புக் கிடையாது.

வீடு திரும்ப ஐந்தாறு நாள் ஆகலாம். வயிற்றை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் வாரம் கொஞ்சம் கூனித்தான் நடப்பீர்கள். ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. தொப்புள் அதே இடத்தில்தான் இருக்கும், மேலிருந்து கீழே இழுத்த தோலில் அதற்குப் புதிய வாசல் வைப்போம். இடுப்பின் ஒரு எலும்பிலிருந்து மறு எலும்பு வரை தழும்பு வரும். அதற்கு மேலே வெகுநாள் மரத்துப்போய் இருக்கும். சிலருக்கு அடிவயிறு லேசாகப் புடைத்து நிற்கும். பிறகு நீங்கள் எடை போட்டால் புது மார்பகமும் எடை போடும், மெலிந்தால் அதுவும் மெலியும். அது உங்கள் சதைதானே.

சிசேரியன் தழும்பு பெரும்பாலும் இதற்குத் தடையாகாது. அது கீழே குறுக்காகப் போகிற தழும்பாக இருந்தால் நாங்கள் எடுக்கும் பகுதிக்குள்ளேயே அடங்கிவிடும். தொப்புளிலிருந்து நேர் கீழே போகும் செங்குத்துத் தழும்பு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஒரு பாதிக்கு ரத்தம் சரியாகப் போகாது. எதுவானாலும் முன்னதாக வயிற்றுக்கு ஒரு சிடி ஆஞ்சியோ எடுத்து எந்தக் குழாய் எங்கே வருகிறது என்று வரைபடம் போட்டுக்கொள்வோம். அந்தப் படம் வந்த பிறகுதான் "உங்களுக்கு முடியும்" என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியும். நானும்தான்.

வயிற்றில் சதை போதாதவர்களுக்குத் தொடையின் உட்பக்கமோ பின்பக்கமோ, பிட்டமோ உண்டு. முதுகுத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பும் டான்சினியின் முறையும் உண்டு, அதில் ரத்தக் குழாயை வெட்டித் தைக்க வேண்டாம் என்பதால் நேரம் குறைவு. ஆனால் முதுகில் அவ்வளவு கொழுப்பு இருக்காது, அதனால் அடியில் ஒரு சின்ன இம்பிளான்ட்டும் வைப்பார்கள். உங்களுக்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருப்பதால் அந்தத் தசைக்குப் போகும் குழாய் முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் தோள் வேறு ஏற்கெனவே பிடித்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கொழுப்பை ஊசியால் உறிஞ்சி மார்பில் ஏற்றுவதும் நடக்கிறது. ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும், பலமுறை செய்ய வேண்டும். முழு மார்பகத்தை அதை வைத்தே கட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ரேடியேஷன் தோலை இளக்கவும், குழி விழுந்த ஓரங்களை நிரப்பவும் அதை நான் விரும்பிப் பயன்படுத்துவேன்.

எந்த வழியானாலும் ஒரே அறுவையில் முடியாது. முதலாவது ஆறிய பிறகு, வலது மார்பகத்தைச் சற்றுத் தூக்கியோ குறைத்தோ சமப்படுத்துவது, காம்பு அமைப்பது என்று இன்னும் ஒன்றிரண்டு இருக்கும். காம்பை அங்குள்ள தோலையே மடித்துத் தைத்து எழுப்புகிறோம், நாளாக ஆக அது கொஞ்சம் தாழ்ந்துவிடும். கருவட்டத்துக்குப் பச்சை குத்துவதுதான். நல்ல கைகாரர் நிழல் வைத்துக் குத்தினால் தட்டையான தோலிலேயே காம்பு இருப்பது போலத் தெரியும், அதோடு போதும் என்பவர்களும் உண்டு.

உணர்ச்சியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அமைத்த மார்பகம் பார்க்க மார்பகமாக இருக்கும், தொட்டால் மற்றவர் கைக்கு மெத்தென்று இருக்கும், உங்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்குச் சொந்தச் சதையில் கொஞ்சம் திரும்பி வரும், முன்போல வராது. இது மனக்குறையோடு நிற்கும் விஷயம் அல்ல, ஆபத்தும் கூட. வலிக்கு வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு தூங்கி, கொப்புளத்தோடு எழுந்தவர்கள் உண்டு. சூடு உறைக்கவில்லை அவர்களுக்கு. மரத்த இடத்தில் வெந்நீர்ப் பை, சூட்டு ஒத்தடம் எதுவும் கூடாது.

உங்கள் மாத்திரைகள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் அது தடையாகாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பாருங்கள், அது தாறுமாறாக இருந்தால் முதல் வேலை அதுதான். டாமாக்சிஃபென் ரத்தம் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டும். அதனால் ரத்தக் குழாய் தைக்கும் அறுவைக்குச் சில வாரம் முன் அதை நிறுத்தி வைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நிறுத்துவதா, எப்போது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களாக ஒரு மாத்திரையைக் கூட விட்டுவிடாதீர்கள். புகையிலை எந்த வடிவத்தில் பழக்கம் இருந்தாலும் அறுவைக்குப் பல வாரம் முன்பே முழுக்க விட வேண்டும்.

அவசரம் கொஞ்சமும் இல்லை. ரேடியேஷன் முடிந்து குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் தோலுக்கு ஓய்வு கொடுப்போம். நீங்கள் அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். அடுத்த வருடம் செய்யலாம், ஐந்து வருடம் கழித்தும் செய்யலாம்.

செய்யாமலும் இருக்கலாம். இதைப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் மென்று விழுங்கித்தான் சொல்வார்கள், நான் தெளிவாகவே சொல்கிறேன். தட்டையான மார்போடு நிம்மதியாக இருக்கிறேன் என்கிற பெண்கள் நிறையப் பேர். அக்குள் பக்கம் தோல் தொங்கி உறுத்தினால், அதை மட்டும் சின்ன அறுவையில் சமன்செய்துகொள்ளலாம். நீங்கள் எந்த முடிவுக்குப் போனாலும், இந்த மாதமே அந்த மடித்த துணியைத் தூக்கிப் போடுங்கள். அது மேலே ஏறுவதற்குக் காரணம் அதற்கு எடை இல்லை என்பதுதான். மறுபக்க மார்பகத்தின் அளவுக்கும் எடைக்கும் ஏற்ப சிலிக்கானில் செய்த வெளிப்புறச் செயற்கை மார்பகம் கிடைக்கிறது. அதைச் செருக உட்பை தைத்த உள்ளாடையும் உண்டு. எடை சரியாக இருந்தால் குனிந்தாலும் இடம் மாறாது, தோளும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளாது. இரண்டு மாதம் அதோடு இருந்து பாருங்கள். சிலர் அதிலேயே "இது போதும்" என்று நின்றுவிடுகிறார்கள். சிலருக்கு அதைத் தினமும் கழற்றி வைப்பதுதான் தாங்கவில்லை, அவர்கள் அறுவைக்கு வருகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கணவர் சொன்னதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை உங்களை அறுவை அறைக்கு அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவர் அவர். இன்னொருமுறை அந்த நாற்காலியில் உட்காரத் தெம்பு இல்லாமலும் அப்படிப் பேசலாம். டாக்டரைப் பார்க்கும்போது கூட அழைத்துப் போங்கள், அவருடைய கேள்விகளையும் அவரே கேட்கட்டும். 47 வயது இதற்கு ஒரு வயதே இல்லை, நாங்கள் வயதைவிட இதயத்தையும் சர்க்கரையையும்தான் பார்க்கிறோம். முடிவு மட்டும் உங்களுடையது. அவருக்காகச் செய்துகொள்ளவும் வேண்டாம், அவருக்காக விட்டுவிடவும் வேண்டாம்.

மார்பகத்தை எடுக்கும் அறுவை இன்னும் நடக்காதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வரி: தேதி குறிக்கும் முன்பே பிளாஸ்டிக் சர்ஜனை ஒருமுறை பார்க்கக் கேளுங்கள். தோலை விட்டுவிட்டு, சிலருக்குக் காம்பையும் விட்டுவிட்டு உள்ளே உள்ளதை மட்டும் எடுத்து, அதே அறுவையில் திரும்ப அமைக்க முடியும். பிறகு ரேடியேஷன் வரும் என்றால் கணக்கு மாறும், அதையும் அப்போதே பேச வேண்டும்.

என் எண்ணத்தை ஒளிக்காமல் சொன்னால், உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் வயிற்றுச் சதைதான் முதல் தேர்வு, சிடி படம் சம்மதித்தால். பார்க்கப் போகிற டாக்டரிடம், இந்த வகை அறுவையை அவர் குழு எவ்வளவு அடிக்கடி செய்கிறது, இரவில் குழாய் அடைத்தால் யார் வருவார்கள், ரேடியேஷன் வாங்கியவர்களுக்குச் செய்த பழைய படங்களைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நன்றாக வந்த படத்தை மட்டும் காட்டினால், சுமாராக வந்ததையும் கேளுங்கள். ரேடியேஷன் விவரத் தாள், நோய்க்கூறு அறிக்கை, மாத்திரைச் சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். வலது மார்பகத்துக்கு வருடாந்தர மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எக்காரணம் கொண்டும் தவறக் கூடாது. அமைத்த பக்கத்துக்கு வழக்கமாக அது தேவைப்படாது.

கடைசியாக, கை. சம்பந்தம் உண்டு. அக்குள் அறுவையும் ரேடியேஷனும் சேர்ந்து தோளை இறுக்கிவிட்டிருக்கின்றன. மேலே பேசியதையெல்லாம் விட முதலில் கவனிக்க வேண்டியது அதுதான். எட்டு மணி நேர அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் கையை அசைக்காமல் வைக்க வேண்டி வரும், இறுகிய தோள் அதில் இன்னும் இறுகும். பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். கை வீங்குகிறதா, மோதிரமோ வளையலோ முன்னைவிட இறுக்குகிறதா என்பதையும் அவரிடம் காட்டுங்கள், நிணநீர் தேங்குவது ஆரம்பத்தில் பிடிபட்டால் அடக்குவது சுலபம். அவரைப் பார்க்கும் வரை வீட்டில் ஒன்று செய்யலாம். சுவரைப் பார்த்து நின்று, இடது கையின் விரல்களைச் சுவரில் நண்டு ஏறுவது போல மெல்ல மேலே நடத்துங்கள். இழுக்கிறது என்று தெரியும் இடத்தில் பத்து வரை எண்ணி இறக்குங்கள், வலிக்க வலிக்கத் தள்ள வேண்டாம். நாளுக்கு மூன்று வேளை. விரல்நுனி தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். அடுத்த கடிதத்தில் முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் எத்தனை விரல்கடை என்று எழுதுங்கள்.